தள்ளிவைத்த பாட்டு

நான் கஞ்சன் இல்லை. அந்தப் பட்டத்தை எனக்குக் கட்டியவன் என் மச்சான். ராஜபாளையத்தில் ஒரே நூற்பாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தோம். கச்சேரி என்றால் போதும், சம்பளம் வாங்கிய கையோடு அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவான். எனக்கும் நாதஸ்வரம் என்றால் உயிர்தான். ஆனாலும் நான் அடுத்த ஷிப்டுக்கு நின்றுவிடுவேன்.

"ஏலே, ஆடிப்பூரத் தேருக்காவது வா. எம்புட்டுத்தான் துட்டு சேப்பே?" என்பான்.

"நீ போ. நான் பொறவு வாரேன்."

தேர் அன்று பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். வந்தவனுக்கு ஒன்றரைக் கூலி. விடுவேனா? முதலில் ஒரு சுண்ணாம்புக் காரை வீடு, அப்புறம் ஒரு கிராமபோன் பெட்டி. பெட்டி வந்துவிட்டால் நாதஸ்வரம் வீட்டுக்குள்ளேயே கேட்கும், வெயிலில் தேருக்குப் பின்னால் எதற்கு அலைவது? இதை என் மூளையின் பெருமை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மில்லுக்குள் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. உள்ளங்கையைத் தலையில் வைத்தால் மேஸ்திரி வருகிறார், கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. மற்றதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். தெருவிலும் அப்படியேதான் பேசித் திரிந்தோம். மில்லுக்காரன் பழக்கம் என்று ஊர் சிரிக்கும், நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

யுத்த காலத்தில் வேலை இன்னும் கூடியது. எட்டு வருஷம் ஓடி, வீடு எழும்பி, ஒருநாள் மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்டி வாங்கக் கடையேறினேன்.

கடைக்காரர் சாவி கொடுத்து, நாதஸ்வர ரிக்கார்டை வைத்து, ஊசியை இறக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இடிப்பது போலத் தவில் கேட்டது. நாதஸ்வரம் வரவே இல்லை. வேறு ரிக்கார்டு வைக்கச் சொன்னேன். அதிலும் அதே இடிதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பழுதான பெட்டிய என் தலையில கட்டப் பாக்கீகளா? மில்லுக்காரன்னா அம்புட்டு எளப்பமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் கோபப்படவில்லை. என் மகள் பக்கம் கையைக் காட்டினார். அவள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வாய்க்கு முன்னால் பிடித்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் ஊசியைத் தூக்கினார். அவள் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள்.

மனைவி வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"பெட்டி நல்லாத்தான் பாடுது. ஒங்களுக்குத்தான் கேக்கலை."

அவள் எப்போதுமே அப்படி எதிரே வந்து நின்றுதான் பேசுவாள். புருஷன் மேல் இருக்கும் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வருசமாத் தெரியும். சொன்னா மட்டும் மில்லுக்குப் போகாம இருந்திருப்பீகளா?"

பெட்டி வாங்காமலே பஸ் ஏறினோம். கல்யாணமான புதிதில் அவள் அம்மியில் அரைத்துக்கொண்டே பாடுவாள். ஷிப்டு முடிந்து வந்து படுத்தவன், "பொறவு கேக்கேன், இப்பச் செத்த நேரம் தூங்கணும்" என்று அவளை அடக்கியிருக்கிறேன். சில வருஷத்தில் அந்தப் பாட்டு நின்றுபோனது. பிள்ளை பிறந்த பிறகு பாட நேரம் ஏது என்று நானும் அதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் அது ஞாபகம் வந்தது.

"நீ பாடுறத எப்ப விட்டே?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் எங்க விட்டேன்? இன்னைக்குக் காலையிலகூடப் பாடினேனே. நீங்க பக்கத்துல ஒக்காந்துதான் காப்பி குடிச்சீக."