குல்லாக்காரனின் இரண்டாம் பாகம்

கோகிலாவுக்குக் கோபமே வராது என்று மலைமேல் இருக்கிற வளப்பூர் நாட்டில் பெயர். மகளிர் குழுவில் இரண்டு பேர் குடுமிப்பிடிச் சண்டை போட்டால்கூட நடுவில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சமாதானம் பேசி முடித்துவிடுவாள். ஊர் சொல்வதை ஊரே வைத்துக்கொள்ளட்டும். ஆறு வருடமாக ஒரு மனுசி தன் கணவனுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஊருக்கு எங்கே தெரியும்?

அதற்குக் காரணமான கம்ப்யூட்டர் மலைக்கு வந்தது 1998-ல், அவளுக்குக் கல்யாணமான மறுவருடம். கணவன் ரமேஷ்குமார் பி.ஏ. படித்தவன். மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டிருந்த காட்டைப் பார்த்துக்கொண்டே, சேந்தமங்கலத்தில் தனபால் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்கும் ஆறு மாதம் போய் வந்தவன். தனபால் புதிதாக நாலு கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதில் ஒன்றை இவன் தலையில் கட்டிவிட்டார். பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவள் கோகிலாதான். வாந்தி வந்தபோதுகூட அதை விடவில்லை. வீட்டில் இறக்கி வைத்ததும் அது 'ரமேசு பொட்டி' ஆகிவிட்டது.

மிளகுக் கணக்கு எழுதலாம், அதைப் போடலாம், இதைப் போடலாம் என்று சொல்லித்தான் வாங்கினான். ஒரு கணக்கும் எழுதவில்லை. தனபால் எடுக்க மறந்த ஒரு கேம் சீடி பொட்டிக்குள்ளேயே கிடந்தது. சுடுவதும் குத்துவதும் இல்லாத கேம் அது. குல்லா போட்ட ஒருத்தன் காணாமல்போன தன் தங்கையைத் தேடித் தீவு தீவாகப் போகிறான். எங்கே சொடுக்குகிறோமோ அங்கே நடப்பான். மவுஸின் அம்பு எதன்மேல் போய்க் கையாக மாறுகிறதோ அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான். எந்தப் பொருளை எங்கே, எதற்குப் பயன்படுத்துவது என்று மூளையைக் கசக்க வேண்டும். மூன்று பாகம் கொண்ட கதையில் இது முதல் பாகம் என்று சீடியின் உறையில் போட்டிருந்தது.

கோகிலா சேந்தமங்கலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ முடித்தவள். குல்லாக்காரன் பேசுகிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். முதல் நாளே அவளுக்கு அந்தக் கேம் பிடித்துப்போனது. ஆனால் மவுஸ் ரமேஷ்குமாரின் கையில். அவன் சொடுக்குவான், இவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். வீட்டுக்கு ஒரு டிரைவர் போதுமாம்.

ஒருமுறை அவன் குளிக்கப் போன நேரத்தில், வழியை மறித்துக்கொண்டிருந்த குரங்குக்கு வாழைப்பழத்துக்குப் பதில் கண்ணாடியைக் காட்டினாள். குரங்கு தன் மூஞ்சியைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடிவிட்டது. ஓடி வந்து சந்தோஷமாகச் சொன்னாள். அவ்வளவுதான். ரமேஷ்குமார் பத்து நாளைக்குப் பொட்டியைத் தொடவில்லை, அவளிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. சோற்றில் உப்பு ஜாஸ்தி என்றான். உப்பு எப்போதும் போலத்தான் இருந்தது. அந்தப் பத்து நாளில் கோகிலா ஒரு பாடம் படித்துக்கொண்டாள்.

பிறகுதான் குல்லாக்காரன் அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தான். ஆற்றங்கரையில் ஒரு படகு. படகைத் தடித்த கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சு அவிழாது. கரைக்கு மேலே ஒரு கல் சாமி, சாமியின் காலடியில் ஒரு கத்தி. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும், ரமேஷ்குமாருக்குப் புரியாது. புரியாது என்று சொல்வதும் தப்பு. அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏனுங்க, அங்க கத்தி இருக்குதுங்களே" என்றாள் கோகிலா.

"சாமி கத்திய எடுத்துக் கவுறு அறுக்கறதா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"அது கேமு சாமிங்க. கல்லுங்க."

"நம்ம கருப்பனாரும் கல்லுதான். அங்க நட்டிருக்கற வேலப் புடுங்கிட்டு வந்து குச்சிக்கெழங்கு தோண்டுவயா?"

ஊர் எல்லையில் கருப்பனார் கோயில் இருக்கிறது. அங்கே கீழே விழுந்த தேங்காயைக்கூட யாரும் கையால் தொடமாட்டார்கள். குல்லாக்காரன் பூட்ஸ் காலோடு இருக்கிறான் என்பதால் ரமேஷ்குமார் அவனைச் சாமிக்குப் பத்தடி தள்ளியே நடக்கவிட்டான். அம்புகூடச் சாமிமேல் பட்டுவிடக்கூடாதென்று சுற்றி வளைத்து ஓட்டினான். பக்தி நல்லதுதான். ஆனால் பக்திமான் அதற்குமேல் கேமை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டாமா? அதுவும் இல்லை. தினம் சாயங்காலம் கரண்ட் இருந்தால் உட்கார்ந்துவிடுவான். பையில் இருக்கிற தேங்காய்ச் சிரட்டையைக் கயிற்றில் தேய்ப்பான், கண்ணாடியைத் தேய்ப்பான், செத்த மீனைத் தேய்ப்பான். பிறகு எல்லாவற்றையும் மரத்தில் தேய்ப்பான்.

அடுத்த மழைக்காலத்தில் கிழங்கு லாரியோடு மலையிறங்கி ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்குப் போனவன், ரோட்டில் மண் சரிந்ததால் மூன்று நாள் அங்கேயே மாட்டிக்கொண்டான். இரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் வந்தது. கோகிலா பொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அம்பைச் சாமியின் காலடிக்குக் கொண்டுபோனாள். அது கையாக மாறியதும் மவுஸை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சிரு சாமி" என்று சொல்லிவிட்டுச் சொடுக்கினாள்.

கத்தி பைக்குள் வந்தது, கயிறு அறுந்தது, படகு நகர்ந்தது. அப்புறம் அடுப்பில் உலை வைக்கக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. குகைக்குள் கிழவனின் கேள்விகள், மணிக்கூண்டு, கலங்கரை விளக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தாண்டி மறுநாள் முடித்தே விட்டாள். கடைசியில் தங்கை கிடைக்கவில்லை. அவள் போன கப்பல் தூரத்தில் தெரிந்தது. குல்லாக்காரன் அதன் பின்னாலேயே போக, ஒரு பனி மலை வந்தது. அந்த மலையின் நெற்றியில் ஒரு கதவு. கதவு கொஞ்சம் திறந்தது. மீதியை இரண்டாம் பாகத்தில் பாருங்கள் என்று எழுத்து வந்து நின்றுவிட்டது.

கோகிலா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து வேறு எதையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. பிறகு தான் ஆடிய தடயத்தை அழித்துவிட்டு, குல்லாக்காரனைப் பழையபடி ஆற்றங்கரையிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நான் இல்லாதப்ப பொட்டியத் தொட்டயா?" என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தான் ரமேஷ்குமார்.

"இல்லீங்க."

சேறும் சகதியுமாக வந்தவனிடம் வேறென்ன சொல்வது? நாலு நாள் கழித்து மெதுவாகப் பேச்சை எடுத்தாள். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எல்லாம் நாமக்கல்லில் ஒரு கடையில் இருப்பதாகத் தனபால் சொல்லியிருந்தார்.

"அடுத்த வாட்டி போனா ரெண்டாவது பாகம் வாங்கியாறீங்களா?"

"ஒண்ணாங் கிளாசே பாஸ் பண்ணல, ரெண்டாங் கிளாசா? மொதல்ல இது முடியட்டும்."

"அப்ப தனபால் அண்ணங்கிட்டயாச்சும் எப்படின்னு கேளுங்களேன்."

"அடுத்தவன் சொல்லி ஆடுனா அதுக்குப் பேரு கேமா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவனிடம் என்ன பேசுவது? முடித்துவிட்டேன் என்று சொன்னால் குரங்குக்கே பத்து நாள், முழுக் கேமுக்கு எத்தனை மாதமோ. போதாததற்குச் சாமி கத்தியை எடுத்த பாவம் வேறு. சொல்லாவிட்டால் பாகம் வராது. இவளாகப் போய் வாங்கலாம் என்றால், அவன் இல்லாமல் அவள் நாமக்கல் வரைக்கும் போனதில்லை. போய் வாங்கி வந்தாலும் எதற்கு, எப்படி என்று பதில் சொல்லியாக வேண்டும்.

சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "சில ஊர்ல சாமியே ஆளுக்கு ஆயுதம் குடுக்குமாமுங்க" என்றாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், பால்வாடிக்குப் போனாள். குல்லாக்காரன் ஆற்றங்கரையை விட்டு ஓரடி நகரவில்லை. ரமேஷ்குமார் ஊரில் இல்லாதபோதெல்லாம் கோகிலா முதலிலிருந்து ஆடி, அந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிடுவாள். சாயங்காலம் மறுபடி முக்காலி. செத்த மீனை மரத்தில் தேய்க்கிறவனைப் பார்க்கப் பார்க்க அந்த மவுஸ் வயரை அவன் கழுத்திலேயே சுற்றலாமா என்று வரும். எழுந்து போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். அதிலும் ஆத்திரம் தீராது. அவன் சத்தத்தைக் குறைக்கச் சொல்வான்.

2005-ல் மகளிர் குழுக்காரர்களை பேங்க் பயிற்சிக்கென்று நாமக்கல்லுக்கு அழைத்துப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோகிலா சாப்பிடாமல் அந்தக் கடையைத் தேடிப் போனாள். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. குல்லா, தீவு, தங்கை என்று சொல்லிச் சமாளித்தாள். கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அடடா, அதுங்களா! அதச் செஞ்ச கம்பெனியே மூடியாச்சுங்க. இனிமே எங்கயும் வராது."

"உங்ககிட்ட பழசு ஒண்ணுகூட இல்லீங்களா?"

"ரெண்டும் மூணும் சேர்ந்தாப்ல அஞ்சாறு கெடந்துச்சு. யாரும் கேக்கலீன்னு போன வருசந்தான் எடைக்குப் போட்டோம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. போன வருடம் வரைக்கும் அது அங்கேயே இருந்திருக்கிறது. அவன் மாதத்துக்கு ஒரு தரம் நாமக்கல் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். பக்கத்து சீட்டுக்காரி ஏதோ கேட்டாள், இவள் காதில் விழவில்லை.

பொழுது சாய வீட்டுக்குள் நுழைந்தபோது ரமேஷ்குமார் பொட்டியின் முன்னால் இருந்தான்.

"வந்துட்டயா? இன்னிக்கு அந்தக் கவுத்துல தேனத் தடவிப் பார்த்தேன். எறும்பு வந்து கடிக்கும்னு நெனச்சேன். வரல."

"கொஞ்சம் நகருங்க" என்றாள் கோகிலா.

அவள் குரலைக் கேட்டு நகர்ந்துவிட்டான். அவள் முக்காலியில் உட்காரவில்லை, அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்பு நேராகச் சாமியிடம் போனது.

"ஏ, ஏ! சாமி, கோகிலா!"

கத்தி பைக்குள் வந்தது. கயிறு அறுந்தது. குகையில் கிழவன் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் போனது. மணிக்கூண்டு, கலங்கரை விளக்கு. ஓரிடத்திலும் அவள் கை தயங்கவில்லை. திரையில் வந்த இங்கிலீஷை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்த ரமேஷ்குமார் பாதியில் நிறுத்திவிட்டான். கடைசியில் பனி மலை வந்தது, கதவு கொஞ்சம் திறந்தது.

"நீ இத எப்ப முடிச்ச?"

"நம்ம புள்ள பொறக்கறதுக்கு முந்தி."

"அப்ப இத்தன வருசமா?"

"உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தனுங்க."

இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று காத்திருந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தாள். அவனோ அந்தப் பனி மலையையே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். குனிந்து, கதவு இடுக்குக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். திரும்பியபோது அவன் முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"அடேங்கப்பா! உள்ள என்னமோ இருக்குது கோகிலா. செரி, ஒண்ணாங் கிளாஸ் பாஸ் ஆயாச்சில்ல? நாளைக்கே போயி ரெண்டாவது பாகத்த வாங்கியாந்தர்றேன். இந்த வாட்டி மவுச நீயே புடி, நான் முக்காலில உக்காந்துக்கறேன்."

கோகிலா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அங்க போயிட்டுத்தானுங்க வாரேன்" என்றாள். "போன வருசமே எடைக்குப் போட்டுட்டாங்களாம்."