கொழுந்தனின் காது

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றா இரண்டா, சொல்வதற்கு? பாடப்புத்தகத்துக்கு ராஜா, பல் டாக்டர் வாசலுக்கு போர்டு, நாடகத்துக்குத் திரை, சோப்பு டப்பாவில் சிரிக்கிற ஆள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பென்சிலும் கையுமாக ஓடுவார். இருபத்திரண்டு வருஷமாக முதலாளியும் கிடையாது, லீவும் கிடையாது.

எல்லாப் படத்துக்கும் மாடல் ஒரே ஆள்தான், என் கொழுந்தன். சின்ன வயதில் "அசையாம உக்காருடா" என்றால் உட்கார்ந்தவன் அவன் ஒருவன்தானாம். அப்படியே அவன் முகம் இவர் கையில் ஊறிவிட்டது. மேல்நுனி மடங்கிய காது, குழி விழுந்த தாடை. "அண்ணி, ராஜாவும் நான்தான், பல்வலிக்காரனும் நான்தான்" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவன் வேலை.

போலீசுக்கும் இவர் வரைந்து கொடுப்பதுண்டு. போன வாரம் நகைக்கடைக் காவலாளியைக் குத்திவிட்டு ஓடியவனைப் பார்த்த ஒரு பெண்மணி அடையாளம் சொல்லச் சொல்ல, அரைமணி நேரத்தில் படம் தயார். ஊரெல்லாம் ஒட்டினார்கள். பஸ் ஸ்டாப்பில் நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. தினமும் பார்க்கிற முகம் அல்லவா?

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். எக்ஸ்ரே அறைக்குள்ளேயே வந்து கொழுந்தனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டே செருப்பைத் தேடினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்தம்மாவே ஆளைக் காட்டிட்டாங்க சார்."

"அவங்க என் படத்தைப் பாத்துட்டுக் காட்டுறாங்க சார்" என்றார் இவர். "அவன் குல்லா போட்டிருந்தான், வாயில துணி கட்டியிருந்தான். கண்ணை மட்டும்தான் சொன்னாங்க. மிச்சத்துல என் கை தானா தம்பியப் போட்டுடுச்சு."

பெஞ்சில் இருந்த கொழுந்தன் கேட்டான். "என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் பீரோவைத் திறந்து, இவர் வரைந்த பழைய படங்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். பதினொன்று. ஒருவனுக்கு மீசை, ஒருவனுக்குத் தாடி, ஒருவனுக்கு வழுக்கை. காது மட்டும் ஒரே காது.

கொழுந்தன் எழுந்து வந்து ஒவ்வொன்றாகத் தொட்டான். "அண்ணி, இதுவும் நான்தான். இதுவும்..." இந்தத் தடவை அவன் கை காலருக்குப் போகவில்லை.

"இந்தப் படங்களை வச்சுப் பிடிச்சதுல நாலு பேரு ஜெயில்ல இருக்காங்க" என்ற இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தினார். "தம்பியக் கூட்டிட்டுக் கிளம்புங்க சார். மத்தது நமக்குள்ளயே இருக்கட்டும்."

உண்மையைச் சொல்கிறேன், நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இவர் எழவில்லை.

"பேப்பர் குடுங்க சார்."

"வரையவா?"

"எழுதிக் குடுக்க. பதினோரு படமும் என் தம்பி முகம்னு."

அதன் பிறகு இந்த வீட்டுக்கு யார் வேலை கொண்டுவருவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன். கொழுந்தனும் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, சின்ன வயதில் போலவே அண்ணனுக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்தான். எழுதி முடிக்கிறவரை இவர் அவனை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.