சின்ன ஊருக்குக் கேட்ட பஸ்

கும்மிடிப்பூண்டியில் எம்.எல்.ஏ. ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. மீஞ்சூரிலிருந்து காலை ரயிலில் போவேன். எம்.எல்.ஏ. வருவதற்குள் வாசல் பெஞ்சு நிறைந்துவிடும். முதியோர் பென்ஷன், காலேஜ் சீட்டு, காதுகுத்து அழைப்பு எல்லாம் என் மேஜைக்குத்தான் முதலில் வரும். எந்த ஊர் கண் முகாமுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்தத் துக்க வீட்டுக்கு மாலை வாங்க வேண்டும் என்று டைரியில் குறித்து வைப்பதும் நான்தான்.

சட்டசபை கூடும் மாதங்களில் கேள்விகள் வேறு. ஜனங்கள் கொடுத்த மனுவைப் படித்து, அமைச்சரிடம் கேட்கிற கேள்வியாக மாற்றி டைப் செய்வேன். அவர் கையெழுத்துப் போடுவார். நான் எழுதின வாக்கியத்துக்கு ஓர் அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

அந்தப் பக்கம் ஒரே பெயரில் இரண்டு ஊர் உண்டு. ஒன்றுக்கு முன்னால் 'பெரிய' என்று சேர்ப்பார்கள், இன்னொன்றுக்கு 'சின்ன'. ஏரிக்கரையில் ரோடு பிரிந்து இடது பக்கம் போனால் பெரிய ஊர். அங்கே ஏற்கெனவே பஸ் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் சின்ன ஊர். அங்கே ஒன்றும் இல்லை.

ஒரு நாள் சின்ன ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கிறவர்கள். கம்பெனி வண்டி ஹைவேயோடு நின்றுவிடும். விடியும் முன்னே எழுந்து சவுக்குத்தோப்பு வழியாக நாலு கிலோமீட்டர் நடந்து வந்து அதைப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் தோப்பில் முழங்கால் தண்ணீர். அவர்களில் நாற்பது வயதிருக்கும் ஒரு அக்காதான் எல்லாவற்றையும் பேசினாள். ஊருக்கு பஸ் கேட்கும் மனுவை என் கையில் கொடுத்து, "நல்லா எழுதும்மா. எங்களுக்கு எழுதத் தெரியல, உனக்குத் தெரியும்" என்றாள்.

நல்லாத்தான் எழுதினேன். ஊர்ப் பெயரைத் தவிர. முந்தின நாள் பெரிய ஊரில் நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவுக்கு நோட்டீஸ் அடித்திருந்தேன். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்க வேண்டும். எம்.எல்.ஏ.வும் கவனிக்கவில்லை.

சில வாரம் கழித்து அவர் மெட்ராஸிலிருந்து போன் செய்தார். அமைச்சர் சபையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார், ஊருக்குச் சொல்லிவிடு என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். 'பெரிய' என்று இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு திருத்தக் கடிதம் போட்டால் தீர்ந்திருக்கும். வேலை போய்விடும் என்று பயந்ததாகத்தான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. தப்பில்லாமல் டைப் அடிக்கிற பெண் என்று எனக்கு ஆபீஸில் ஒரு பெயர் இருந்தது. அதை இழக்க மனசு வரவில்லை.

பெரிய ஊரில் புது பஸ்ஸுக்கு வாழை கட்டி, மாலை போட்டு, எம்.எல்.ஏ. கொடியசைத்தார். நான் சால்வைகளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

அந்த வாரமே சின்ன ஊர்ப் பெண்கள் வந்தார்கள். எம்.எல்.ஏ. ஆபீஸில் இல்லை. எங்களுக்குக் கேட்ட பஸ் எப்படி அங்கே போச்சு என்று அந்த அக்கா கேட்டாள். நான் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்தேன். பிறகு சொன்னேன்: "அந்த ஊர்க்காரங்க யாரோ மேல பேசி வாங்கிட்டாங்க போலிருக்குக்கா."

அவர்கள் எழுந்து போனார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்தப் பெண்கள் சவுக்குத்தோப்பு வழியாகவே நடந்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து அந்த அக்கா மட்டும் இன்னொரு மனுவோடு வந்தாள். இளைத்திருந்தாள். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இன்னாத்த சொல்றது. என் கூடப்பொறந்த அக்காவ பெரிய ஊர்லதான் குடுத்திருக்குது. அவ ஊட்டுக்காரருதான் மேல பேசி பஸ்ஸ திருப்பிக்கினாருன்னு ஊரே சொல்லுது. போன மாசம் அவ பொண்ணு கல்யாணம். நான் போவல. பத்திரிகை வச்சிக்கினு வந்தவள வாசல்லியே நிக்க வச்சி அனுப்பிட்டேன்."

நான் போகிற போக்கில் சொன்ன 'யாரோ' என்ற வார்த்தைக்கு ஊர் ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது.

அன்று மத்தியானம் எம்.எல்.ஏ. சாப்பிட்டு எழுந்ததும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் பழைய கோப்பைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான். பஸ்ஸ நான் பார்த்துக்கறேன். அந்தம்மாகிட்ட நீ சொன்னது இருக்கு பாரு, அத நான் பார்த்துக்க முடியாதும்மா" என்றார்.

அவர் மறுபடி சபையில் கேட்டார், அதிகாரிகளை நேரில் போய்ப் பார்த்தார். ஏழெட்டு மாதத்தில் சின்ன ஊருக்கும் பஸ் வந்தது. அந்த ஏழெட்டு மாதமும் நான் அந்த அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை. பஸ் வந்ததும் சொல்லலாம், அப்போது கோபம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் எம்.எல்.ஏ. கொடியசைத்ததும் அந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் போய் பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஏரிக்கரை வரைக்கும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். ரோடு பிரிகிற இடத்தில் பஸ் நின்றபோது சொன்னேன். பெயரைத் தப்பாக அடித்ததும் நான், யாரோ மேலே பேசினார்கள் என்று கட்டிவிட்டதும் நான், உங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்றுமே தெரியாது என்று.

என் கையைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"பேரு தப்பாப் பூடுச்சின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, சரி போம்மான்னு போயிருப்போம்" என்றாள். பிறகு பெரிய ஊர் ரோட்டைப் பார்த்து, "கல்யாணம் முடிஞ்சி போச்சே" என்றாள்.

நானும் உங்களோடு வந்து அவர்களிடம் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, எழுந்து இறங்கி, பெரிய ஊர் ரோட்டில் தனியாக நடந்தாள். தன் ஊருக்கு வந்த முதல் பஸ்ஸில் அவள் ஊர்வரைக்கும் போகவில்லை.

மறுவாரம் நான் தனியாகப் போய் அவளுடைய அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். மளிகைக் கடை வைத்திருந்தவர். "எனக்கு எம்.எல்.ஏ. ஊடு எங்க இருக்குதுன்னே தெரியாதும்மா" என்றார்.

அந்த அக்கா பிறகும் ஆபீஸுக்கு வந்தாள், ரேஷன் கார்டுக்காக ஒரு தடவை, தெருவிளக்குக்காக ஒரு தடவை. என் மேஜைக்கு வரவில்லை. எம்.எல்.ஏ. வரும்வரை பெஞ்சில் காத்திருந்து அவர் கையிலேயே மனுவைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் பெரிய ஊரிலிருந்து ஒரு வளைகாப்பு அழைப்பு வந்தது. அவளுடைய அக்கா மகளுக்கு. நேரத்தை டைரியில் குறித்தேன். எம்.எல்.ஏ. போனார், நான் கூடப் போகவில்லை. மறுநாள் அவருடைய டிரைவரிடம், பெண்ணுடைய சித்தி வந்திருந்தாளா என்று கேட்டேன். வந்திருந்தாள், முதல் வளையலை அவள்தான் போட்டாள் என்றார். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்களா என்று கேட்டேன். அதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை.