கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகம்

மும்பை தாராவியில் எங்கள் பள்ளிக்கூடத்து லைப்ரரியை நான் ஏழாவது படிக்கும்போதுதான் திறந்தார்கள். அதுவரை அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளும் விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டைகளும் கிடந்தன. புத்தகங்கள் இரண்டு இரும்பு அலமாரிகளுக்குள் இருந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்று பியூனுக்கே தெரியாது. செம்பூரிலிருந்து ரயில் மாறி வரும் ஒரு டீச்சர் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தார். வந்த முதல் மாதமே பூட்டை உடைக்கச் சொல்லி, பெஞ்சுகளை வெளியே தள்ளி, அறையைக் கழுவிவிட்டு, சுவரில் ஒரு பெரிய சார்ட்டை ஒட்டினார். ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிள்ளைகள் எல்லார் பெயரும் அதில் இருந்தது. ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் படித்து, அதன் கதையை நோட்டில் எழுதிக் கொண்டுவந்தால் பெயருக்கு நேரே ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவார். அதிக நட்சத்திரம் வாங்கியவருக்கு ஆண்டு விழாவில் பரிசு.

எனக்கு அந்த நட்சத்திரங்கள் மேல் அப்படி ஓர் ஆசை. ஆனால் தமிழ் படிக்க வராது. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் ஹிந்தி, வகுப்பில் இங்கிலீஷ். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி ஒரு வாக்கியத்தின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். அதனால் முதல் புத்தகத்துக்கு, பின்னட்டையில் இருந்த ஆறு வரிகளை அப்படியே நோட்டில் பார்த்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டீச்சர் வாசித்துவிட்டு, "இது அட்டையில இருக்கு. உள்ளே என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். புத்தகத்தைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்து, மேல் அறைக்குப் போகிற இரும்பு ஏணியின் படியில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

மேலே சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அந்த வருஷம்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி பன்னிரண்டாவது வரை படித்தவள். சித்தப்பா, அவரும் அப்பாவும் வேலை பார்த்த தையல் ஒர்க்ஷாப்பிலிருந்து ஜீன்ஸ் பேன்ட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். தையலில் தொங்குகிற பிசிர் நூல்களை வெட்டிச் சுத்தம் செய்வது சித்தியின் வேலை. காலையில் அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போய்விடுவாள். அப்பாவும் சித்தப்பாவும் வேலைக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு. அதன்பின் சாயங்காலம் வரை சித்தியும் அந்த பேன்ட்டுகளும்தான்.

தாராவி முழுக்கத் தமிழ்தான் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சந்தில் தமிழ் பேசுகிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். வந்த புதிதில் சித்தி மூலைக்கடைக்குப் போய், தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தைகளை வைத்துப் பேசப் பார்த்தாள். 'என் வீட்டுக்காரர் சாயங்காலம் வருவார்' என்பதற்கு 'வருவாள்' என்று சொல்லிவிட்டாள். கடைக்காரரும் சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அதற்கப்புறம் சித்தி கடைக்குப் போகவில்லை. குழாயடியிலும் வாயைத் திறக்கவில்லை. வெளியே போகாதே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. எங்கே போவாள் என்று யாரும் யோசிக்கவுமில்லை.

நான் விளையாடிவிட்டு வந்தபோது சித்தி மேல்படியில் உட்கார்ந்து புத்தகத்தில் பாதியைத் தாண்டியிருந்தாள்.

"ஏட்டி, இத நீ படிச்சிட்டியா?"

"இல்ல சித்தி. நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்."

"அது களவாணித்தனம் இல்லியா?"

"கதைய எழுதிட்டு வரணும்னுதான் டீச்சர் சொன்னாங்க. யாரு படிக்கணும்னு சொல்லல."

சித்தி சிரித்தாள். "நீ வக்கீலுக்குப் படி" என்றாள்.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கதையைச் சொன்னாள். யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பதை அந்தந்தக் குரலில் சொன்னாள். பின்னல் முடிவதற்குள் கதை முடியாவிட்டால் அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். நான் பள்ளிக்கூடம் போய் இன்டர்வலில் எழுதினேன். முதல் நட்சத்திரம் கிடைத்தது.

அப்படியே ஏழெட்டு வாரம் போயிற்று. நான் படி ஏறும் சத்தம் கேட்டதும், பை தோளில் இருக்கும்போதே, "மாத்திட்டு வந்தியா?" என்பாள். எங்களுக்குள் ஒரே ஒரு தகராறுதான். ஒல்லியான புத்தகமானாலும் தடியான புத்தகமானாலும் நட்சத்திரம் ஒன்றுதான் என்பதால் நான் ஒல்லியாகப் பார்த்து எடுப்பேன். சித்திக்கு அது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். "ஒரு தடவையாவது தடியா எடுத்துட்டு வாயேன், ட்டி" என்று கெஞ்சுவாள். பதினொரு நட்சத்திரம் சேர்ந்து, சார்ட்டில் நான்தான் முதல் என்றான பிறகு, சரி போகட்டும் என்று ஒரு தடிப் புத்தகம் எடுத்தேன். அட்டையில் கலங்கரை விளக்கத்தின் படம் போட்டிருந்தது.

விளக்கைப் பார்த்துக்கொள்கிறவரின் மகள், கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனுக்காகக் காத்திருக்கிற கதை அது. சித்தி மூன்று நாள் வைத்துப் படித்தாள். ஆண்டு விழாவுக்கு முன் நோட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் மறுநாள் என்றிருந்தபோது, ஏணியில் பாதி இறங்கி நின்று, "கடைசிப் பக்கத்தக் காணுமே" என்றாள். பைண்டிங் விட்டு உதிர்ந்துபோயிருந்தது. அண்ணனின் படகு கண்டுபிடிக்கப்பட்டதோடு புத்தகம் நின்றுவிட்டது.

"எனக்கு நட்சத்திரம் போயிரும் சித்தி" என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"சும்மா இரு. யோசிச்சிச் சொல்லுதேன்" என்று மேலே ஏறிப் போனாள்.

காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு சொன்னாள். அண்ணன் சாகவில்லை. அலை அவனைத் தெரியாத ஓர் ஊரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. அந்த ஊரில் அவனுக்குச் சோறு போட்டார்கள், வேலை கொடுத்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவன் வாயைத் திறந்தால் சிரித்தார்கள். அதனால் பேசுவதையே விட்டுவிட்டான். ஊமை என்று நினைத்துக்கொண்டார்கள். பல வருஷம் கழித்து ஒருநாள் சந்தையில் ஒரு பெண் தன் பிள்ளையை அவனுடைய பாஷையில் திட்டுவது காதில் விழுந்தது. அவன் கையில் இருந்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் முன்னால் நின்றான். 'இன்னும் கொஞ்சம் திட்டுங்க' என்றான்.

"அப்புறம் வீட்டுக்குப் போயிட்டானா?" என்று கேட்டேன்.

"அது தெரியாது. அதோட முடிஞ்சிச்சி" என்றாள் சித்தி.

எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் நேரமாகிவிட்டது, அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அன்று மதியம் டீச்சர் என்னை லைப்ரரிக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் நோட்டு திறந்திருந்தது.

"இந்தப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை. அலமாரியைத் திறந்த அன்னிக்கே பார்த்தேன். தூக்கிப் போட மனசு வரலை" என்றார். "இந்த முடிவு யார் சொன்னது?"

நான் நோட்டை எடுத்து மூடப் போனேன்.

"பயப்படாதே. வீட்டில யார் சொன்னாங்களோ அவங்களை ஒருநாள் கூட்டிட்டு வா. நான் பார்க்கணும்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. ஜன்னல் கண்ணாடியை உடைத்தவன், பரீட்சையில் பார்த்து எழுதியவன், இவர்கள்தான் ஆளைக் கூட்டிவருவார்கள். சித்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிரின்சிபால் அறை வாசலில் நிற்பது போலவும், சார்ட்டிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரமாக உரிப்பது போலவும் எனக்குத் தோன்றியது.

"நான்தான் டீச்சர். நானே யோசிச்சு எழுதினேன்" என்றேன்.

"நீயேவா?" என்றார் டீச்சர். நான் தலையை ஆட்டினேன். பன்னிரண்டாவது நட்சத்திரத்தை ஒட்டினார்.

ஆண்டு விழா மாட்டுங்காவில் ஒரு ஹாலில் நடந்தது. சித்தி கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி இறங்கும்வரை என் கையை விடவில்லை. பரிசு கொடுப்பதற்கு முன்னால், யாரும் எதிர்பார்க்காமல், டீச்சர் மைக்கில் என் நோட்டிலிருந்து அந்த முடிவை வாசித்தார். 'இன்னும் கொஞ்சம் திட்டுங்க' என்ற இடத்தில் முழு ஹாலும் சிரித்தது. அப்புறம் கைதட்டினார்கள். என் பெயரைச் சொன்னார்கள். நான் மேடை ஏறி ஒரு டேபிள் லேம்பை வாங்கிக்கொண்டு கீழே பார்த்தேன். சித்தியும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சித்தியிடம், "எம்புள்ள எம்புட்டு யோசிச்சி எழுதியிருக்கு பாத்தியா" என்றாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாங்கள் காலையில் செய்துகொண்டிருந்தது என்னவென்றும் தெரியாது.

"ஆமாக்கா" என்றாள் சித்தி.

இறங்கி நடக்கும்போது என் காதருகே குனிந்து, "மைக்குல கேக்கும்போது வேற மாதிரி இருக்கு, என்னட்டி?" என்றாள். அவ்வளவுதான்.

இதுவரை நடந்ததற்குப் பயம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள முடியும். திங்கட்கிழமை நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை டீச்சர் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். மதிய நேரத்தில் லைப்ரரியில் உட்கார ஓர் ஆளை வைத்துக்கொள்ள ஆபீஸில் சம்மதித்துவிட்டார்கள், ஹிந்தியெல்லாம் வேண்டாம், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தால் போதும், ஆறாவது பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"உங்க வீட்டில அந்த மாதிரி யாராவது இருக்காங்களா?"

அவர் என்னிடம் எதையும் பிடுங்க வரவில்லை என்பது இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. சித்திக்கு அந்த வேலை பிடிக்கும் என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்குள் எங்களுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கிற மிஸ் என்னை எல்லா வகுப்புக்கும் கூட்டிப்போய் நிறுத்தியிருந்தார். அப்பா அந்த டேபிள் லேம்பை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். சித்தி இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கதை சொன்னால் போதும், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்" என்றேன். அது உண்மை.

"வேற யாரும்?"

"இல்லை."

அன்று சாயங்காலம், "மாத்திட்டு வந்தியா?" என்று சித்தி கேட்டபோது, பரீட்சை வருவதால் லைப்ரரியைப் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். பரிசுதான் கிடைத்துவிட்டதே. பரீட்சை முடிந்து இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. லைப்ரரியில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவர் கதை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கமே நான் போகவில்லை. இரண்டு வருஷத்தில் சித்தப்பாவுக்கு விக்ரோலியில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே குடிபோனார்கள்.

இப்போது எனக்குச் செம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. சித்தி ஹிந்தியில் ஆட்டோக்காரர்களிடம் சண்டை போடுகிறாள். இப்போதும் வருவார், வருவாள் மாறித்தான் வருகிறது, யார் சிரித்தாலும் கவலைப்படுவதில்லை. அவள் மகள் ஏழாவது படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது, அந்தப் பெண் வகுப்பில் எழுதிய கட்டுரையை, "நானே யோசிச்சு எழுதினேன்" என்று என்னிடம் காட்டினாள். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய், அடுப்புக்கு முன்னால் நின்ற சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கேட்டது, இரண்டு தடவை கேட்டது, நான் இல்லை என்றது.

சித்தி குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "விடு. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றாள். நான் எதிர்பார்த்த பதில்தான். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

குழம்புக்கு உப்பு போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "அந்த ரூம்பு எங்க இருந்திச்சி? மாடியிலயா?" என்று கேட்டாள்.

"கீழதான் சித்தி. கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம்."

"பெருசா?"

"அவ்வளவு பெருசு இல்ல. ரெண்டு அலமாரி, ஒரு நீள மேஜை."

"புக்க நாமளே எடுத்துப் பாக்கலாமா? இல்ல, கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்களா?"

"நாமளே எடுக்கலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நின்னு பாக்கலாம்."

சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அடுப்பைக் குறைத்தாள்.

வேலை விஷயத்தை மறைத்தது தப்பு என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். தெரியாமல் இருந்தது வேறு. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏழு நிமிஷ நடை. அந்த வருஷம் பன்னிரண்டு புத்தகங்களை, ஒல்லியா தடியா என்று பார்த்து, அவளுக்காக நானே எடுத்துக் கொண்டுவந்தேன். அவளை ஒருநாள் அந்த அலமாரி முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் சித்தி என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேலை வேண்டாம், பரிசு வேண்டாம், யாரிடமும் உண்மையைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.