பனிச்சரிவில் எடுத்த அட்டெண்டன்ஸ்

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்தாறு. சொந்த ஊர் நாசரேத். கடற்கரைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். என் அறைத்தோழி ஆலந்தலைக்காரி, நர்ஸ். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர்.

இமயமலைக்குப் போகும் யோசனை முதலில் அவளுக்குத்தான் வந்தது. பெண்களுக்கு மலையேற்றப் பயிற்சி என்று செய்தித்தாளில் வந்த ஒரு சின்ன விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டாள். "ஏளா, போவமா?" என்றாள். குற்றாலத்தைத் தாண்டி ஒரு மலையையும் பார்த்திராத நான், "போவோம்" என்றேன். அந்தக் கோடையில் வடக்கே போய் இருவரும் பயிற்சியை முடித்தோம். அடுத்த கோடையில், கார்வால் பகுதியில் இருபதாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த ஒரு சிகரத்துக்குக் கிளம்பிய பெண்கள் குழுவில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது.

அதற்கு நாங்கள் தயாரான விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கடல் மட்டத்தில் இருப்பவர்கள் எங்கே போய் மலை ஏறுவது? ஆளுக்குப் பதினைந்து கிலோ உப்பைப் பையில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் கடற்கரை மணலில் நடப்போம். கால் புதையப் புதைய நடந்தால் பனியில் நடக்கிற மாதிரி இருக்கும் என்பது அவள் கணக்கு. டீக்கடை அண்ணாச்சி தினமும் எங்களைப் பார்த்து, "என்ன டீச்சர், உப்பு விக்கவா போறிய?" என்று கேட்பார். "ஆமா அண்ணாச்சி, இமயமலைல உப்பு இல்லையாம்" என்று அவள் பதில் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

பள்ளியில் எனக்கு வழியனுப்பு விழாவே நடத்தினார்கள். முதலில் "பொம்பளப்பிள்ளைக்கு மலையில என்ன வேலை" என்று சண்டை போட்ட என் அப்பா, பிறகு நாசரேத் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கு ஒரு பெருமை கிடைத்தால் பத்துப் பேரிடம் சொல்லாமல் சோறு இறங்காது.

நாட்கணக்கில் ரயில், பிறகு பஸ், பிறகு ஒரு வாரம் நடை. பெட்டியில் கொண்டுபோயிருந்த தூத்துக்குடி முந்திரி இனிப்பான மக்ரூன் பாதி நொறுங்கிப் பொடியாகிவிட்டது. அந்தப் பொடியை எங்கள் வழிகாட்டி உள்ளங்கையில் கொட்டி நக்கித் தின்பார். நாற்பது வயதிருக்கும் மலைநாட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். முதன்முதலாகப் பனிவெளி முழுசாகக் கண்ணில் பட்ட அன்று எல்லோரும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தோம். என் தோழி, "ஏளா, நம்ம உப்பளத்தை யாரோ தூக்கிக் கொண்டாந்து மேல வச்சிருக்கானுவ" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் மற்ற ஆறு பெண்களும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தார்கள்.

அங்கே எங்கள் இருவருக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். இந்தியில் எனக்கு ஏழெட்டு வார்த்தைகள் வரும். அதில் ஒன்று "டீக்". நன்றாக இருக்கிறேன் என்று பொருள்.

வழிகாட்டி தினமும் காலையில் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்பார். தலை வலிக்கிறதா, தூங்கினாயா, சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா? உயரத்துக்குப் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். சிலர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதை மறைத்தால் உயிருக்கே ஆபத்து என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். முதல் முகாமுக்குப் போன மறுநாள் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றிக்குள் யாரோ கட்டையால் தட்டுவது போல ஒரு வலி. சாப்பிட்டதை எல்லாம் கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, அதன் மேல் பனியைத் தள்ளி மூடினேன்.

வழிகாட்டி கேட்டபோது "டீக்" என்றேன். அடுத்த நாளும் "டீக்" என்றேன்.

என் தோழி நர்ஸ் ஆயிற்றே, அவளுக்குச் சந்தேகம் வந்தது. "ஏன் மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு? தல வலிக்கா?" என்று கேட்டாள். "தூக்கம் பத்தல, வேற ஒண்ணுமில்ல" என்றேன். உண்மையைச் சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள். ஊரில் மாலை போட்டு அனுப்பியிருக்கிறார்களே, எந்த முகத்தோடு திரும்புவது? இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு எல்லாமே லேசாக வந்தது. அவள் மேலே போய்விட்டு, நான் கீழே உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் இரண்டாவது முகாமை நோக்கி ஏறினோம். நல்ல வெயில். மூன்று பேரை ஒன்றாகப் பிணைத்த கயிற்றில் முன்னால் வழிகாட்டியின் உதவியாளர் ஒருவர், நடுவில் நான், பின்னால் அவள். இனி நான் சொல்வதில் பாதி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதியம் கடந்த நேரம். நான் நடுச்சரிவில் நின்றுவிட்டேனாம். பனியைப் பார்த்தபடி, எட்டாம் வகுப்பு மாணவிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தேனாம். அவள் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து, "உள்ளேன் டீச்சர்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி, "ஏன் லேட்டு? வெளிய நில்லு" என்று அதட்டினேனாம். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேலே ஏறி வந்து என் வெயில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைப் பார்த்தாள். "உன் விரலால உன் மூக்கத் தொடு" என்றாள். என் விரல் காதுப் பக்கம் போனது. நேராக நாலு அடி வைக்கச் சொன்னாள். இரண்டாவது அடியில் விழுந்தேன்.

அவள் போட்ட சத்தத்தில் வழிகாட்டி மேலிருந்து இறங்கி ஓடிவந்தார். என்னைப் பார்த்த மாத்திரத்தில், உடனே கீழே இறக்க வேண்டும் என்றார். உதவியாளர் என்னைக் கூட்டிப் போகட்டும், நீ எங்களோடு வா என்று அவளிடம் சொன்னார். மறுநாள் சிகரத்துக்குப் போக அவர் தேர்ந்தெடுத்திருந்த நால்வரில் அவளும் ஒருத்தி. திரும்பி இன்னொரு நாள் ஏறுவதற்குச் சாப்பாடும் இல்லை, நேரமும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

அவள் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னதை எனக்குப் பிறகு தமிழில் சொன்னாள். "இவளுக்கு இப்ப தமிழத் தவிர ஒண்ணும் வரல. வலிக்குன்னாலும் தமிழ்லதான் சொல்லுவா. தண்ணி கேட்டாலும் தமிழ்லதான் கேப்பா. இவருக்கு என்ன வெளங்கும்? நாந்தான் போவணும்."

இறங்கும் வழியெல்லாம் நான் உட்காரப் பார்த்தேன். தூங்கிவிட்டால் போதும் என்று கெஞ்சினேனாம். அவள் விடவில்லை. "டீச்சர், அட்டெண்டன்ஸ் முடியல. அடுத்த பேரக் கூப்பிடுங்க" என்பாள். நான் கூப்பிடுவேன். அவள் "உள்ளேன் டீச்சர்" என்பாள். ஒரு பெயருக்கு ஓர் அடி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முடிந்ததும், "ஒரு பிள்ள விட்டுப்போச்சே, முதல்லேருந்து கூப்பிடுங்க" என்பாள். அப்படியே முதல் முகாம் வரை. அங்கிருந்து உதவியாளர் என்னை முதுகில் சுமந்தார். பொழுது சாயும்போது அடிவார முகாமில் இருந்தோம். இறங்க இறங்க என் புத்தி தெளிந்தது. அங்கிருந்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இன்னும் சில மணி நேரம் மேலேயே இருந்திருந்தால் உன்னைப் பிணமாகத்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்றார்.

மறுநாள் மேகமே இல்லை. டாக்டரின் பைனாகுலரில் பார்த்தால், சிகரத்துக்குக் கீழே வழிகாட்டிக்குப் பின்னால் மூன்று புள்ளிகள் நகர்வது தெரிந்தது. எல்லோரும் மாறி மாறி வாங்கிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவளும் ஒரு முறை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல வெயிலு" என்று சொல்லி, என் காலுறைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு துவைக்கப் போய்விட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல கஞ்சியக் குடி" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால், ஓர் ஆபத்திலிருந்து தப்பித்த கதையாக மட்டும் இருந்திருக்கும்.

மலையிலிருந்து இறங்கி வந்த ஊரில் தபால் நிலையம் இருந்தது. அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். "உடம்புக்கு முடியாமல் போனதால் சிகரம் ஏறவில்லை. இருவரும் பத்திரமாகத் திரும்புகிறோம்." யார் உடம்புக்கு என்று எழுதவில்லை. மறந்துபோய் விட்ட வார்த்தை அல்ல அது. பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்து, வேண்டுமென்றேதான் விட்டேன்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் மாலைகளோடு நின்றார்கள். தலைமையாசிரியை, மாணவிகள், நாசரேத்திலிருந்து அப்பா. எனக்கு மாலை போட்ட கையோடு அப்பா என் தோழியிடம் போய், "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு? நல்லவேளை, எம் மக கூட இருந்தா" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "இப்ப நல்லாயிருக்கேம்ப்பா" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அப்பா எழுந்து நின்று சாட்சி சொன்னார். தன் மகள் சிகரத்தை விட்டுக்கொடுத்துத் தோழியின் உயிரைக் காப்பாற்றியதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் பாராட்டு விழா. தலைமையாசிரியை அதே கதையை இன்னும் அழகாகச் சொன்னார். மேடையில் இரண்டாவது நாற்காலியில் அவள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் எனக்குக் கைதட்டினாள்.

அன்று சாயங்காலம் அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலைவாரியபடியே, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு வாரமாச்சி. நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

சீப்பை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மல போனது போச்சு. எங்கப்பா கேக்காரு, 'ஏம்மா, உன்னயத் தாங்கிப் பிடிச்சிக் கொண்டாந்தாவளாமே, அவ்வளவு பயந்துட்டியா'ன்னு. கடலுக்குப் போற மனுசன். அவருட்ட நான் என்ன சொல்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆலந்தலைக்குப் போனேன். அவள் அப்பா கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தலைவலியை மறைத்தது, உளறியது, அவள் சிகரத்தை விட்டு என்னோடு இறங்கியது, அந்தக் கார்டு, மாலை, கைதட்டல் எல்லாம். அவர் கை நின்றுவிட்டது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏளா, இங்கன வா! இந்த டீச்சரம்மா என்ன சொல்லுதாவன்னு கேளு." அந்த அம்மா ஈரக்கையோடு வந்தார். "முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார் என் தோழியின் அப்பா. சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். "எலே மச்சான், வலைய அங்கன போட்டுட்டு வா. எம் மவ என்ன செஞ்சிருக்கான்னு கேளு. நீங்க சொல்லுங்கம்மா."

மதியத்துக்குள் அந்தக் கரையில் ஆறேழு முறை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் நான் பொய் சொன்ன இடம் வரும். ஒவ்வொரு முறையும் முகம் கூசும். அந்த இடத்தை அவர் என்னை ஒரு தடவையும் தாண்டிப்போக விடவில்லை. ஆனால் அது என்னைத் தண்டிக்க அல்ல. அடுத்து வரப்போகிற இடத்தைக் கேட்கும் அவசரம் அவருக்கு. "அப்பதான் எம் மவ சொல்லுதா பாரு, நாந்தான் போவணும்னு!" என்று எனக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். கடைசியில் எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாப்பிடாமல் விடமாட்டேன் என்று மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில், அனுமதி கேட்டு மேடையேறிப் பிள்ளைகளிடம் சொன்னேன். எட்டாம் வகுப்பு வரிசையைப் பார்க்க முடியாமல் பின்சுவரைப் பார்த்தபடி சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அப்பாவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அதே ஆலயத்தில் அவரே எழுந்து, அன்று தவறாகச் சொல்லிவிட்டேன் என்று திருத்திச் சொன்னார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை நான் கரையில் சொன்ன செய்தி எனக்கு முன்பே விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தது. "எத்தன தடவ சொல்ல வச்சாரு?" என்றுதான் என் தோழி கேட்டாள். அதன் பிறகு பழையபடி ஆகிவிட்டோம். அடுத்த கோடைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பிறகு நர்ஸ் வேலைக்காக வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டாள். மலைக்கு அவள் மறுபடி போகவே இல்லை. அந்த மேகமில்லாத நாளைப் பற்றி அவள் ஒரு கடிதத்தில்கூட எழுதியதில்லை.

எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் மலை ஏறியவள் என்று கேள்விப்பட்டு யாராவது, "எவ்வளவு உயரம் போனீங்க?" என்று ஆசையாகக் கேட்பார்கள். எண்ணைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றித்தான் சொல்கிறேன். சிகரம் கண்ணெதிரே இருந்தபோது எனக்காகத் திரும்பி நடந்தவள் அவள், அவளை விட்டுவிட்டு அந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூட எனக்கு உரிமை இல்லை.