ஸ்டெல்லாவின் முக்கோணம்

மழையில் நனைந்த எறிபந்துக்கு ஒரு புளித்த ரப்பர் வாசம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில், அப்படியொரு பந்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் தையல் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டாள் ஸ்டெல்லா. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் 'லயன்' வீட்டிலிருந்து கோவைக்கு வந்து, பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள் அவள். நான் கோவையிலேயே, கணபதிப் பகுதியில் சொந்தப் பட்டறை வைத்திருந்தவரின் மகள்.

"இங்க பாரு புள்ள, மூணு மூலையும் செங்கோணம். கூட்டுனா எரநூத்தி எழுவது வருது. எந்த ரெண்டு நேர்கோடு போட்டாலும் எங்கியாச்சும் முட்டிக்குது" என்றாள்.

வகுப்பில் இதைச் சொன்னதற்கு, முக்கோணத்தின் கோணங்கள் நூற்றெண்பதுதான் என்று அவளை நூறு முறை எழுத வைத்த கணக்கு டீச்சர், கண்காட்சி வந்ததும் அந்தப் பந்தைக் கேட்டு வாங்கினார். முதல் பரிசு பெறுபவருக்குப் பிளஸ் டூ வரை இலவச விடுதி இடம் என்று அறிவித்திருந்தார்கள். "நீ பேசு கண்ணு, அவளுக்கு இங்கிலீஷ் வராது" என்றார் டீச்சர் என்னிடம். ஸ்டெல்லா பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் பேசினேன்.

"யாரோட யோசனைம்மா இது?" என்று நடுவர் கேட்டார்.

"என்னோடதுங்க சார்."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பரிசு என் பெயருக்கு வந்தது. தினமும் வீட்டிலிருந்து வந்துபோன எனக்கு விடுதி இடம் எதற்கு? அது காலியாகவே கிடந்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும், அதற்குமேல் விடுதிக்குப் பணம் கட்ட வழியில்லாமல், அவள் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

இன்று கல்லூரியில் நான் நடத்தும் பாடம் யூக்ளிட் சாரா வடிவியல். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் போக முடியும் என்ற விதியை நிரூபிக்க அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகள் முட்டி மோதியதையும், அந்த விதியையே தள்ளிவிட்டுப் புதியதொரு வடிவியலைக் கட்டிய ஹங்கேரிய இளைஞனையும், அதைத் தாம் முன்பே யோசித்துவிட்டதாக எழுதி அவன் மனத்தை ஒடித்த மேதையையும் சொல்லும்போது மாணவிகள் உச்சுக்கொட்டுகிறார்கள். அந்த மேதையாவது உண்மையிலேயே யோசித்திருந்தார். நான் அதுகூடச் செய்யவில்லை.

போன மாதம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டை. அந்தப் பரிசு உன்னுடையது என்று தட்டுத்தடுமாறித் தொடங்கினேன்.

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப? பஸ் வந்துருச்சுங்க, வாரேனுங்க" என்று ஏறிப் போய்விட்டாள்.

'போடி' என்று திட்டியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அப்படித் திட்டும் உரிமை எங்களுக்குள் செத்துப்போயிருந்தது. வெளியாளுக்குக் காட்டும் மரியாதை மட்டும் மிச்சமிருந்தது.