ஒரு பெயர் தள்ளி

துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குழாய்களை வெல்டிங் செய்ததும் ஒவ்வொரு ஜாயின்டையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஓட்டையோ விரிசலோ தெரிந்தால் அது ரிப்பேர். அதை வேறு ஆட்கள் தோண்டி மறுபடி போடுவார்கள். முதலில் போட்ட வெல்டருக்கு அது தெரியவே தெரியாது. மாதக் கடைசியில் ஷாப் வாசலில் நான் ஒட்டும் கிராஃபைப் பார்த்துத்தான் தனக்கு எத்தனை ரிப்பேர் என்று தெரிந்துகொள்வார். அதில் ஆளுக்கொரு பட்டை, ரிப்பேர் கூடக்கூடப் பட்டை உயரும். அந்த கிராஃபை வருஷக்கணக்கில் கையால் போட்டவள், வீடியோ பார்த்து பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, அதில் லைப்ரரி என்று சொல்கிற, கிராஃப் வரையும் ரெடிமேட் புரோகிராம் ஒன்றுக்கு மாறினேன். யாரும் மாறச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆசை.

வெல்டர்களில் இரண்டு பேருக்கு ஒரே பெயர், இனிஷியலும் ஒன்று. ஒருவரைத் துறையூரார் என்பார்கள், இன்னொருவரை ஸ்ரீரங்கத்தார். குழப்பம் வரக் கூடாதென்று கிராஃபில் எல்லார் பெயருக்குப் பின்னாலும் ஊரைச் சேர்த்தேன். அகர வரிசையில் இவர்கள் இருவரும் அடுத்தடுத்து. ஊரும் சேர்ந்ததும் பெயர்கள் நீண்டு, கீழ்க்கோட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"என்ன மேடம், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ஒரு பேரும் படிக்க முடியல" என்றார் மேனேஜர்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலை முழுக்க அதிலேயே உட்கார்ந்தேன். பெயர்களைச் சாய்த்தேன், எழுத்தைச் சிறிதாக்கினேன், கீழே இடம் விட்டேன். ஒவ்வொரு பட்டைக்கும் கீழ்க்கோட்டில் ஒரு குறி விழும்படி இடைவெளியை ஒன்று என்று வைத்து, குறிகளில் பெயர்களை வரிசையாக எழுதச் சொன்னேன். முதல் பெயரை எங்கே எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. கிராஃப் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சென்று வந்தது.

ஆக உயரமான பட்டைக்குக் கீழே ஸ்ரீரங்கத்தார் பெயர் இருந்தது.

அவர் இருபது வருஷத்துக்கு மேல் வெல்டிங் ராடு பிடித்தவர். அவர் போட்ட ஜாயின்டுக்கு எக்ஸ்ரே எடுப்பது தண்டம் என்று ஷாப்பில் கிண்டல் செய்வார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிராஃபின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"எம்பேர்தானா மேடம் அது? இன்னொரு தடவை பாத்துடுறீங்களா?"

"ஃபிலிம் ரிப்போர்ட்டப் பாத்துத்தாண்ணே போட்டேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்று மாதமும் அதே உயரம், அதே பெயர். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அவருடைய கேட் பாஸை நிறுத்திவிட்டார்கள். ஒரு சண்டை கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஆயுத பூஜைக்கு ரிப்பேர் இல்லாத ஜாயின்ட் அதிகம் போட்டவருக்குப் பரிசு என்றார்கள். அதே முறையில் அதற்கும் ஒரு கிராஃப் போட்டு ஒட்டினேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பட்டியலில் முதலில் இருப்பவர் ஓடி வந்தார்.

"மேடம், எம்பேரே இல்லையே."

நிஜமாகவே இல்லை. பழைய கிராஃப்களைத் திறந்தேன். அவற்றிலும் அவர் பெயர் இல்லை. ரிப்பேர் கணக்கில் தன் பெயர் இல்லையென்று எவர் வந்து கேட்பார்? பட்டியலில் கடைசி ஆளுக்கு ரிப்பேரே கிடையாது, அதனால் அங்கே பட்டையும் இல்லை, பெயர் விட்டுப்போனதும் கண்ணில் படவில்லை. அந்த லைப்ரரி முதல் பட்டைக்கும் முன்னால், படத்துக்கு வெளியே, ஒரு குறி வைத்திருந்தது. முதல் பெயர் அதில் போய் விழுந்திருந்தது. பந்தியில் மறைவாக ஒரு இலை கிடந்து முதல் ஆள் அதில் போய் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒரு இலை தள்ளித்தானே உட்காருவார்கள். துறையூராரின் ரிப்பேர் மூன்று மாதமும் ஸ்ரீரங்கத்தார் பெயரில் நின்றிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் முழுவதும் என்னுடையது.

மேனேஜரிடம் சொன்னேன். "அவர் இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு மேடம். இப்ப இதக் கிளறுனா ஆடிட்ல நாமதான் பதில் சொல்லணும்" என்றார். அன்றைக்கு அவரை வெறுத்த அளவுக்கு என்னையும் வெறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். மேலூர் ரோட்டில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் நீலச் சட்டை போட்டு செக்யூரிட்டியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். படத்துக்கு வெளியே இருந்த குறியைக்கூட ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் அதைக் கவனமாகப் பார்த்தார்.

"அப்ப அது துறையூரார் போட்டதா?"

"ஆமாண்ணே. உங்களுக்கு மூணு மாசத்துல ஒண்ணே ஒண்ணுதான்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கண்ணு போச்சுன்னு நெனச்சேன் மேடம். ஆஸ்பத்திரியில பாத்துட்டு கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாங்க. நான் நம்பல. படத்துல இருக்கே, அது எப்படிப் பொய்யாகும்னு இருந்துட்டேன்."

"மேனேஜரை விடுங்கண்ணே. நான் மேல போய்ப் பேசுறேன். எழுதியே குடுக்கிறேன். நீங்க திரும்ப வாங்க."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"போன மாசம் பக்கத்து வீட்டுல ஒரு கேட்டுக்கு ரெண்டு எடத்துல வெல்டு வைக்கச் சொன்னாங்க. ராடப் புடிச்சதும் கை நடுங்குது, ஒரு கோடு நேரா வரல" என்றார். "விடுங்க மேடம். அன்னிக்கு நீங்க போட்டது தப்பா இருக்கலாம். இன்னிக்கு அது சரிதாங்க."